தெற்கு பிரான்சில் கார், லாரி இல்லாத கிராவல் (சரளை) சைக்கிள் பாதை உண்டா?

உண்டு. முதலில் நான் சொல்வது பாஸா பாயிஸ். ஓ-லாங்குடாக் மலைப்பகுதியில், கைவிடப்பட்ட ரயில் தடத்தின் மேல் மசாமே முதல் பெடாரியூ வரை ஏறத்தாழ 80 கி.மீ. பெரும்பகுதி இறுக்கிய சரளை. ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் ஏற்றத்தில் கால் வலிக்காது.

மசாமேயில் தொடங்குவதே நல்லது. துலூஸ் நகரிலிருந்து ரயில் வருகிறது, சைக்கிளையும் ஏற்றலாம். கூர்னியூ அருகே சுரங்கம். முக்கால் கிலோமீட்டர் நீளம், அட்லாண்டிக்-மத்தியதரைக் கடல் நீர்பிரிமேடும் அதுதான். கோடையிலும் உள்ளே குளிரும். சுரங்கத்தில் விளக்கு பொருத்தியிருந்தாலும் கையில் ஒன்று அவசியம், கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு நுழையுங்கள். அதைத் தாண்டினால் பெரும்பாலும் இறக்கம்தான். ஒலார்க் ஊரைப் பார்க்காமல் போகாதீர்கள்.

38 முதல் 42 மி.மீ. டயர் போதும். 70 கிலோ எடைக்கு 2.5 பார் (காற்றழுத்த அலகு) காற்று. அதிகம் அடித்தால் கை அதிரும், வளைவில் சரளை வழுக்கும். சாலையைக் கடக்குமிடங்களில் தடுப்புக் கம்பிகள் நெருக்கமாக இருக்கும், அகலப் பைகள் இடிக்கும். பெருமழைக்குப் பின் கற்கள் பெயர்ந்து கிடக்கும், வேகத்தைக் குறையுங்கள். ஞாயிறு மதியமும் திங்களும் கிராமக் கடைகள் பல மூடியிருக்கும். சாப்பாட்டைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.