ஆறு பேர் அமர்ந்த மேசை: வாசகர் கேள்வி பதில்

காரைக்காலில் முப்பத்திரண்டு ஆண்டுகள் புவியியல் கற்பித்தவள் நான். எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்குப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து கரீபியக் கடலில் பத்து இரவுக் கப்பல் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் என் கணவரும் நானும் சென்று வந்தோம். அதைப் பற்றி இந்த இதழில் நான் எழுதிய கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை எடுத்துக்கொண்டேன்.

சேலம் வாசகர்: சொகுசுக் கப்பல் என்று எழுதியிருந்தீர்கள். மற்ற உல்லாசக் கப்பல்களிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது? கொடுத்த பணத்துக்குத் தகுமா?

இன்று ஓடும் மிகப்பெரிய கப்பல்களில் ஒரே நேரத்தில் ஏழாயிரம் பேருக்கு மேல் போகலாம். எங்கள் கப்பலில் பயணிகள் 450 பேர்தான். அறைக்கு அறை பால்கனி, காலையும் மாலையும் வந்து படுக்கையைச் சீர்செய்யும் பணியாளர், எதற்கும் தனியாகப் பில் இல்லாத உணவு என்று எல்லாம் இருந்தன. அவற்றைக் குறைத்துச் சொல்லமாட்டேன். வாழ்நாள் முழுவதும் விடியுமுன் எழுந்து சமையல்கட்டுக்குப் போன ஒருத்திக்குக் கதவைத் தட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தால் எப்படி இருக்கும் என்பது பெண்களுக்குத் தெரியும்.

ஆனால் நான் பெரிதாக நினைப்பது உணவுக்கூடத்தை. அங்கே யாருக்கும் இன்ன இடம், இன்ன நேரம் என்று கிடையாது. வாசலில் நிற்பவர், "இருவரும் தனியாக உட்காருகிறீர்களா, மற்றவர்களோடு உட்காருகிறீர்களா?" என்று கேட்பார். முதல் நாள் இரவு நான் வாய் திறக்கும் முன் என் கணவர், "மற்றவர்களோடு" என்று சொல்லிவிட்டார். எனக்கு அன்று சற்றுக் கோபம்தான். அந்த ஒரு சொல்லுக்காக இப்போது அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

தஞ்சாவூர் வாசகி: முன்பின் தெரியாத வெளிநாட்டவர்களோடு பத்து நாள் என்ன பேசினீர்கள்? மொழி இடிக்கவில்லையா?

கப்பலின் பின்புறம், ஜன்னலோரமாக ஆறு பேர் அமரும் மேசை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி, இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், அவருடைய தங்கை, நாங்கள் இருவர். லங்காஷயர் அம்மாவின் உச்சரிப்பு பிடிபட எனக்கு இரண்டு நாள் ஆனது. என் உச்சரிப்பு அவருக்குப் பிடிபட மூன்று நாள் ஆனதாம்.

பேச்சுக்குப் பொருள் தேட வேண்டியிருக்கவே இல்லை. கப்பல் காலையில் ஒரு தீவில் நிற்கும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் போவார்கள். இரவு மேசையில் அமர்ந்ததும், "நீங்கள் என்ன பார்த்தீர்கள்?" என்ற கேள்வி சுற்றி வரும். மார்ட்டினிக் தீவில் நாங்கள் ஃபோர்-து-பிரான்ஸ் சந்தைக்குப் போனோம். கனடாக்காரர்கள் வடக்கே சென் பியேருக்குப் போனார்கள். 1902 மே 8 காலை பெலே எரிமலை வெடித்துச் சில நிமிடங்களில் ஏறத்தாழ 28,000 பேர் மாண்ட ஊர் அது. கற்சுவர் கொண்ட சிறையறைக்குள் இருந்ததால் உயிர் தப்பிய கைதி சிப்பாரிஸின் கதையை நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அன்று இரவு அந்தக் கனடா ஆசிரியர் மேசைவிரிப்பில் கரண்டிகளை அடுக்கி, அறையின் கதவு எந்தப் பக்கம், காற்றுக்கு விட்ட சின்னத் திறப்பு எந்தப் பக்கம், மலை எங்கே என்று காட்டினார். அறை எரிமலைக்கு முதுகு காட்டி நின்றிருக்கிறது. இத்தனை ஆண்டுகள் நான் சொல்லிக்கொடுத்த பாடத்தில் இல்லாமல் இருந்தது அந்த ஒன்றுதான்.

பதிலுக்கு நான் சந்தையைக் கொடுத்தேன். அங்கே பெண்கள் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்குப் பெயர் 'மத்ராஸ்'. நம் சென்னைப் பக்கத்துக் கைத்தறியிலிருந்து கப்பலேறிப் போய் அந்தத் தீவுகளின் மரபு உடையாகவே ஆகிவிட்டது. தலைத்துணியில் ஒரு முனை நிமிர்ந்து நின்றால் மனம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை, இரண்டு என்றால் ஒருவருக்குச் சொல்லியாகிவிட்டது, மூன்று என்றால் மணமானவள் என்று ஒரு வழக்கம் இருந்ததாகத் துணிக்கடைக்கார அம்மாள் கட்டிக் காட்டினார். செவிலியரின் தங்கைக்கு அன்று இரவு நான் மூன்று முனை வைத்துக் கட்டிவிட்டேன். கணவரை இழந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது அவருக்கு. அது தெரியாமல் செய்துவிட்டேன். அவர் அதை அவிழ்க்கவில்லை. "மூன்றுதான் சரி" என்றார்.

நாகப்பட்டினம் வாசகர்: குவாதலூப் தீவில் தமிழர் வழிவந்தவர்கள் இருக்கிறார்களாமே, பார்த்தீர்களா?

பார்த்தேன். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் ஒரு புத்தகம் எழுதலாம்.

1848ல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடினார்கள். புதுச்சேரியிலும் எங்கள் காரைக்காலிலும் ஒப்பந்தம் எழுதி ஆட்களை ஏற்றினார்கள். 1853ல் மார்ட்டினிக்குக்கும் 1854 டிசம்பரில் குவாதலூப்புக்கும் முதல் கூட்டத்தைக் கொண்டுபோன கப்பலின் பெயர் 'ஒரேலி'. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மாதம் கடலில். 1880களின் இறுதிவரை குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு.

பொயின்த்-அ-பித்ரில் இறங்கி ஒரு டாக்சி பிடித்தோம். ஓட்டுநருக்குப் பிரெஞ்சும் கிரியோலும் தெரியும், தமிழில் ஒரு வாக்கியம் தெரியாது. குடும்பப் பெயரோ தமிழ்ப் பெயர். முத்துசாமி, ராமசாமி எல்லாம் அங்கே பரம்பரையாக வரும் குடும்பப் பெயர்கள். காரைக்காலில் பள்ளியில் படித்த பிரெஞ்சு அன்று எனக்கு உதவியது. கப்பஸ்தேர் பக்கம் சாலையோரத்தில் ஷாஞ்சி கோயில் இருக்கிறது. வண்ணம் பூசிய கோபுரத்தைத் தூரத்தில் கண்டதும் என் கணவர் செருப்பைக் கழற்றிக் காரிலேயே வைத்துவிட்டார். ஓட்டுநர் அம்மனை 'மாலியெமென்' என்றார். நான் "மாரியம்மன்" என்றேன். அவர் மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். 'ர' அவர் நாக்கில் பிரெஞ்சு 'ர'வாகத் தொண்டையில் உருண்டது. மூன்றாம் முறை சரியாக வந்தது. அவருடைய பாட்டி நாகூர் மீராவுக்கும் கொடி ஏற்றுவாராம். எங்கள் வீட்டிலிருந்து நாகூர் பஸ்ஸில் அரை மணி என்று சொன்னபோது அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டார்.

கப்பஸ்தேரில் பிறந்தவர் ஆன்றி சிதம்பரம். இந்திய வழிவந்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று 1904ல் தொடங்கி 1923ல் அது கிடைக்கும்வரை போராடியவர். காரைக்காலில் இவர் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? புதுச்சேரிப் பாடநூலில் அவருக்கு ஒரு பக்கம் கொடுக்க வேண்டும் என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மதியம் சாலையோரக் கடையில் 'கொலம்போ' சாப்பிட்டோம். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் அரைத்த பொடியில் செய்த கோழிக்கறி. கொழும்பு நகரின் பெயர் என்பார்கள் சிலர், நம் 'குழம்பு'தான் என்பார்கள் சிலர். என் நாக்கு இரண்டாவது கட்சி.

அன்று இரவு மேசையில் கேள்வி என்னிடம் வந்தபோது எனக்குப் பேச வரவில்லை. என் ஊர் மக்கள் கப்பலின் அடித்தளத்தில் நெருக்கியடித்து வந்து சேர்ந்த தீவுக்கு நான் பால்கனி வைத்த அறையில் வந்து இறங்கியிருக்கிறேன். அதைச் சொல்லி முடித்ததும் யாரும் தட்டைத் தொடவில்லை. கனடாக்காரர் தன் முன்னோர்களும் ஸ்காட்லாந்தில் நிலத்தைவிட்டு விரட்டப்பட்டுக் கப்பலேறியவர்கள் என்றார். செவிலியர் மட்டும், "அந்தக் கப்பலின் பெயரை எனக்கு எழுதிக் கொடு" என்று கேட்டார். மெனு அட்டையின் பின்பக்கத்தில் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிக் கொடுத்தேன். இன்றும் அது அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. வீடியோ அழைப்பில் காட்டினார்.

கோயம்புத்தூர் வாசகி: எந்த மாதம் போகலாம்? விசா, கடல் குமட்டல் பற்றிச் சொல்லுங்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. ஜூன் தொடங்கி நவம்பர் முடியப் புயல் பருவம். விசாவில் ஒன்று கவனியுங்கள்: மார்ட்டினிக்கும் குவாதலூப்பும் பிரான்சைச் சேர்ந்தவை, ஆனால் ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்குள் வராதவை. பாரிசுக்கு வாங்கிய விசா கையில் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். விண்ணப்பிக்கும்போதே தீவுகளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். குமட்டலுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்து அறை நல்லது. பார்படாஸ் மற்ற தீவுகளை விட்டுத் தள்ளிக் கிழக்கே அட்லாண்டிக்கில் இருப்பதால் அங்கிருந்து கிளம்பிய முதல் இரவு ஆட்டம் இருந்தது. தீவுகளின் மேற்குப் பக்கம் வந்துவிட்டால் கிழக்கிலிருந்து வீசும் வணிகக்காற்றை மலைகள் மறைத்துவிடும். கடல் குளம்போல் கிடக்கும்.

மதுரை வாசகர்: மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்விட்டு கிரிக்கெட் பற்றி ஒரு வரி எழுதவில்லையே, டீச்சர்?

எழுதாததற்குக் காரணம், அந்தப் பகுதி என்னிடம் இல்லை. ஆன்டிகுவாவில் கப்பல் நின்ற அன்று காலை என் கணவர் முழங்கால் வலி என்றார். நான் கனடா அம்மாவோடு நெல்சன் கப்பல்தளத்துக்குப் போய்விட்டேன். லங்காஷயர் செவிலியரும் இறங்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவர் இளம்வயதில் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் லங்காஷயர் அணிக்காக ஆடிய நம் ஃபரூக் எஞ்சினியரையும் கிளைவ் லாயிடையும் பார்த்தவர். அந்தப் பேச்சு வந்துவிட்டால் அவரையும் என் கணவரையும் மேசையிலிருந்து எழுப்ப முடியாது.

2021ல் என் கணவர் காலமானார். செய்தி சொன்ன மறுவாரம் செவிலியரிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. செயின்ட் ஜான்ஸ் நகரத்துப் பழைய ரெக்ரியேஷன் மைதானம். விவியன் ரிச்சர்ட்ஸ் 1986ல் 56 பந்துகளில் சதம் அடித்த இடம், பிரையன் லாரா 1994ல் 375 ரன்னும் 2004ல் ஆட்டமிழக்காமல் 400 ரன்னும் எடுத்த இடம். துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரம். இருவரும் நடந்தே போயிருக்கிறார்கள். நடு மைதானத்தில், கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, பந்து வீசும் கையை உயர்த்தியபடி அவர் நிற்கிறார். கையில் பந்து இல்லை. அப்படி ஒரு சிரிப்பை நான் எங்கள் திருமணப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. இரண்டு ஆண்டுகள் என்னிடமிருந்து அந்தக் காலையை இருவரும் மறைத்திருக்கிறார்கள், முழங்காலுக்காக நான் திட்டுவேன் என்று.

டொரன்டோ வாசகி: நானும் என் பெற்றோரும் அதே பயணத்தில் இருந்தோம், அம்மா. செயின்ட் லூசியாவில் பிட்டன் மலைகளுக்கு மேல் இரட்டை வானவில் என்று எழுதியிருக்கிறீர்கள். அது செயின்ட் கிட்சில் அல்லவா? பிட்டனில் மழை மட்டும்தான் பெய்தது. காலையில் மேல்தளத்தில் உங்கள் கணவரும் என் அப்பாவும் பேசிக்கொண்டிருப்பார்களே, நினைவிருக்கிறதா?

மகளே, உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஒவ்வொரு மாலையும் மறுநாள் நிகழ்ச்சிநிரலைப் படுக்கையில் வைப்பார்களே, அந்தத் தாள்கள் அத்தனையையும் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்த்தேன். செயின்ட் கிட்ஸ் தாளின் ஓரத்தில் அவர் கையெழுத்தில் பென்சிலால், "மாலை 5.20, இரட்டை வானவில், கிழக்கே" என்று இருக்கிறது. நீ சொன்னதே சரி. இரட்டைக் குன்றுகளையும் இரட்டை வானவில்லையும் என் மனம் தானாகவே சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது. திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிடுமாறு ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் மேசைக்காரர்கள் ஐந்து பேரும் ஆண்டுதோறும் ஜனவரியில், கப்பல் பார்படாஸின் பிரிட்ஜ்டவுனிலிருந்து கிளம்பிய தேதியில் பேசிக்கொள்கிறோம். வரும் ஜனவரியில் நீயும் சேர்ந்துகொள். உன் பெற்றோரையும் கூட்டி வா.

உன் இரண்டாவது கேள்விக்கு: நினைவில்லை, எனக்குத் தெரியவே தெரியாது. அவர் ஐந்தரை மணிக்கு எழுந்து போவார், எட்டு மணிக்குக் காப்பி மணத்தோடு திரும்பி வருவார். நடக்கப் போனேன் என்பார். நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அந்தப் பத்துக் காலைகளில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அப்பாவிடம் கேள். என்ன பேசினார்கள், எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள், அவர் என்ன சட்டை போட்டிருந்தார், எது நினைவிருந்தாலும் எழுதி அனுப்பச் சொல்.