நோட்டில் ஏறாத பெயர்கள்

அன்புள்ள ஐயா,

குவைத்தில் ஃபஹாஹீலில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். 2025 ஜூன் 23 இரவு கத்தாரை நோக்கி ஏவுகணைகள் வந்தபோது இங்கும் வான்வழியை மூடிவிட்டார்கள். கொஞ்ச நேரம்தான். அதற்குள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த புரளிகளுக்குக் கணக்கில்லை. அதிலிருந்து நாங்கள் ஏழெட்டுப் பேர், ஆபத்து நேரத்துக்கென்று ஒரு தன்னார்வக் குழு தொடங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். "எம்பசி இருக்கிறது, ஒன்று என்றால் பிளைட் அனுப்புவார்கள், உனக்கு எதற்கு இந்த வேலை?" என்கிறார்கள் பெரியவர்கள். 1990இல் நீங்கள் இங்கே இருந்தவர். நாங்கள் நினைப்பது பயனுள்ளதுதானா? எதிலிருந்து தொடங்குவது?

ஒரு வாசகர், குவைத்

அன்புள்ள தம்பிக்கு,

பிளைட் வரும். ஈராக் படை குவைத்துக்குள் புகுந்த 1990லும் வந்தது. ஆகஸ்ட் 13 முதல் அக்டோபர் 11 வரை, 59 நாளில் 488 முறை ஏர் இந்தியா பறந்து 1,11,000 பேருக்கு மேல் ஊர் சேர்த்தது. ஆனால் அது குவைத்துக்கு வரவில்லை, அம்மானுக்கு வந்தது. குவைத்திலிருந்து பாஸ்ரா, பாக்தாத், ஜோர்தான் எல்லை, அதற்கப்புறம் அம்மான். ஆகஸ்ட் வெயிலில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். குவைத்துக்குப் பிழைக்கப் போன இந்தியர்களே குழு அமைத்து, பஸ் பேசி, கூட்டாகச் சமைத்து, ஆள் ஆளாகப் பெயர் எழுதி அனுப்பியதால்தான் அவ்வளவு பேர் அந்தப் பிளைட்டின் படிக்கட்டுவரை போய்ச் சேர முடிந்தது. பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்போது எனக்கு 24 வயது. ஹவல்லியில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஒரு நீள நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். பெயர், ஊர், பாஸ்போர்ட் நம்பர், கூட யார், என்ன வியாதி என்று கோடு போட்டுக்கொண்டு கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கினோம். ஏ.சி. ஓடாத அறைகள். உள்ளங்கை வியர்வை பட்டு மை பரவும். பக்கத்தின் ஓரத்தில் துணியை வைத்துக்கொண்டு எழுதுவேன். நாலாம் நாள் எங்கள் பகுதி முடிந்தது என்று நிம்மதியாக நோட்டை மூடினேன்.

அன்று சாயங்காலம் ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். தஞ்சாவூர்ப் பக்கம். வீட்டு வேலைக்கு வந்தவள். அவளை வேலைக்கு எடுத்த கபீல் (விசா கொடுத்த முதலாளி) குடும்பம் சவூதிக்குத் தப்பிப் போயிருந்தது. பாஸ்போர்ட் அவர்களோடு போய்விட்டது. வீடு எங்கே என்று கேட்டேன். பகுதியின் பெயரே அவளுக்குத் தெரியவில்லை. "ஜம்மியாவுக்குப் பின்னாடி, நீலக் கதவு" என்றாள். ஜம்மியா என்றால் வட்டாரக் கூட்டுறவுக் கடை. அந்த நீலக் கதவைத் தாண்டித்தான் நான் நாலு நாளாகப் போய்வந்தேன். கபீல் வீட்டுக்குள் இருப்பவர்கள் என் மனதிலேயே வரவில்லை. "பேரு எழுதிட்டா ஊருக்குப் போயிரலாமாண்ணே?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து பெரிய வீடுகளின் பின்கதவுகளைத் தட்டிக் கேட்டோம். அந்த ஒரு வட்டாரத்திலேயே பதினொரு பெண்கள் இருந்தார்கள்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இல்லாதவர்களிடமிருந்து தொடங்குங்கள். குழுவில் இருப்பவர்கள் எப்படியும் எம்பசியில் பதிவு செய்துகொள்வார்கள், தாங்களே டிக்கெட் தேடுவார்கள். வீட்டு வேலைக்கான 20ஆம் நம்பர் விசாக்காரர்கள், தொழிலாளர் கேம்ப் ஆட்கள், பத்தாக்கா (குவைத் அடையாள அட்டை) காலாவதியாகிப் பயந்து ஒளிந்திருப்பவர்கள், இவர்கள்தான் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் போகிறார்கள். 2023இல் சூடானில் சண்டை வெடித்தபோது, மூலிகை விற்கப் போன கர்நாடகத்து ஹக்கிபிக்கி பழங்குடி மக்கள் அங்கே மாட்டிக்கொண்டார்கள். அவர்களைப் போன்றவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதே நம்மில் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு கட்டடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று அந்தக் கட்டட ஹாரிஸுக்கு, அதாவது காவலாளிக்கு, தெரிந்த அளவு எந்தச் சங்கத் தலைவருக்கும் தெரியாது. அவரிடம் போங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள்.

போர் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். உங்களுக்குப் பக்கத்திலேயே மங்காஃபில் 2024 ஜூன் 12 விடியற்காலை தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்தது. இறந்தவர்களில் இந்தியர் குறைந்தது 45 பேர், அதில் தமிழ்நாட்டுக்காரர்கள் 7 பேர். பெரும்பாலோரைக் கொன்றது புகை. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, வளைகுடாவில் இருக்கும் யாரோடு பேசினாலும் மாடிக் கதவு பூட்டியிருக்கிறதா, படிக்கட்டில் சாமான் அடைத்திருக்கிறதா என்று கேட்காமல் நான் போனை வைப்பதில்லை. 112க்குப் போன் போட்டால் எதைச் சொல்வது? பிளாக், தெரு, கட்டட வாசலில் இருக்கும் பாசி (PACI) நம்பர், அதாவது அந்தக் கட்டடத்துக்கென்று அரசு கொடுத்த முகவரி எண். இந்த மூன்றையும் உங்கள் கட்டடத்தில் ஒவ்வொருவரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிக் கொடுப்பதே உங்கள் குழுவின் முதல் மாத வேலையாக இருக்கட்டும்.

அமெரிக்கத் தூதரகங்கள் அந்தந்த நாட்டில் வாழும் தங்கள் ஆட்களிலேயே சிலரை வார்டன் என்று வைத்திருந்தார்கள். பெயரை இப்போது மாற்றிவிட்டார்கள், வேலை அதேதான். எம்பசி சொல்வதைத் தன் வட்டாரத்தில் கொண்டுசேர்ப்பது, வட்டார நிலவரத்தை எம்பசிக்குச் சொல்வது. நீங்களும் அந்த அளவோடு நில்லுங்கள். எம்பசியிடம் முதலிலேயே விவரம் சொல்லிவிடுங்கள். பணம் மட்டும் வசூலிக்காதீர்கள். அங்கே அனுமதியில்லாமல் நிதி திரட்டுவது குற்றம், நல்ல நோக்கம் என்று யாரும் விடமாட்டார்கள். பாஸ்போர்ட் நம்பர்களை வாட்ஸ்அப்பில் ஏற்றாதீர்கள். காகிதத்தில் இரண்டு பிரதி, இரண்டு வீட்டில். நெட் போன அன்றைக்கும் காகிதம் கையில் இருக்கும்.

இன்னொன்று. நோட்டில் மாத்திரைக்கு ஒரு கட்டம் போடுங்கள். நாங்கள் 'வியாதி' என்று மட்டும் எழுதினோம். சர்க்கரை என்று எழுதியிருந்த ஒருவர் ஜோர்தான் எல்லைக் கூடாரத்தில் மயங்கி விழுந்தபோது, என்ன மருந்து, எவ்வளவு என்று கூட இருந்த யாருக்கும் தெரியவில்லை. ஒரு மலையாளி நர்ஸ் இருந்ததால் பிழைத்தார்.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் கட்டட ஹாரிஸைப் பார்த்துவிட்டு, அவர் சொல்கிற பெயர்களில் எத்தனை பேரை உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.