சோக் சுருள் எப்போது மின்தேக்கியாகிறது?

கேள்வி: மின் இரைச்சலைத் தடுக்க 1 மில்லிஹென்றி சோக் ஒன்றைப் பொருத்தினேன். கணினி உருவகத்தில் 30 மெகாஹெர்ட்ஸ் வரை இரைச்சல் அடங்குகிறது. அளந்து பார்த்தால் சில மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அப்படியே வருகிறது. தவறு எங்கே?

பதில்: சோக்கில் தவறில்லை; அதை வெறும் மின்தூண்டியாகக் காட்டிய உருவகத்தில்தான் தவறு. சுருளின் அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையிலும், கம்பிக்கும் அது சுற்றப்பட்ட காந்த உள்ளகத்துக்கும் இடையிலும் சிறு மின்தேக்குத்திறன் ஒளிந்திருக்கிறது. அது 10 பிக்கோஃபாரட் என்று கொண்டால், சுருளின் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது தரும் எதிர்ப்பு) ஏறத்தாழ 1.6 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு உச்சத்தைத் தொட்டு, அதன்பின் இறங்கத் தொடங்கும். 30 மெகாஹெர்ட்ஸில் உங்கள் உருவகம் சுமார் 1,88,000 ஓம் என்று சொல்லும்போது, உண்மைச் சுருள் தருவது 530 ஓம் அளவே.

ஆகவே மின்தூண்டிக்கு இணையாக ஒரு மின்தேக்கியையும் ஒரு மின்தடையையும் சேருங்கள். உச்சத்தில் அளந்த மின்மறுப்பே அந்த மின்தடையின் மதிப்பு. மின்தேக்குத்திறனை மட்டும் உச்சத்தின் அதிர்வெண்ணிலிருந்து அல்லாமல், அதற்கு அப்பாலுள்ள இறங்குமுகத்திலிருந்து கணக்கிடுங்கள்; ஏனெனில் உள்ளகமாகப் பயன்படும் மாங்கனீசு-துத்தநாக ஃபெரைட்டின் காந்த உட்புகுதிறன் (சுருளின் தூண்டல் மதிப்பு இதைப் பொறுத்தது) சில மெகாஹெர்ட்ஸுக்குள்ளேயே சரியத் தொடங்குவதால், தாழ் அதிர்வெண்ணில் அளந்த தூண்டல் மதிப்பு அங்கே செல்லாது. உச்சம் கூர்மையாக இல்லாமல் அகன்று தெரிந்தால், இத்தகைய இணைச்சுற்றுகள் இரண்டு மூன்றைத் தொடராக அடுக்க வேண்டியிருக்கும். சோதனைக் கம்பிகளுக்கும் சில பிக்கோஃபாரட் உண்டு (பலரும் மறப்பது இதைத்தான்). அதைக் கழிக்காத அளவீட்டை நான் நம்பமாட்டேன்.

சுருளை ஒற்றை அடுக்காகச் சுற்றி, அதன் இரு முனைகளையும் விலக்கி வைத்தால் மின்தேக்குத்திறன் குறையும்.