பெர்லின் மெட்ரோ: டிக்கெட் கையில் இருந்தும் 60 யூரோ அபராதமா?

கட்டத்தான் வேண்டும். டிக்கெட் வாங்கியும் பிளாட்பாரத்திலுள்ள பெட்டியில் செருகி முத்திரை குத்தாமல் ஏறினால் பெர்லினில் அது டிக்கெட் இல்லாத பயணம்தான், "ஊருக்குப் புதுசு" என்பதெல்லாம் எடுபடாது.

அங்கே தடுப்புக் கதவே கிடையாது, நேராக நடந்து போய் ஏறிவிடலாம், அதற்கு ஈடாகத்தான் சாதாரண உடையில் வரும் பரிசோதகர்களின் திடீர் சோதனை. முத்திரையில்லாத டிக்கெட்டை நாளைக்கும் காட்டலாமே, அதான் இவ்வளவு கெடுபிடி.

எதற்கும் டிக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், மங்கலாகவாவது தேதியும் நேரமும் பதிந்திருக்கிறதா? டிராமுக்குள் வாங்கியது முத்திரையோடுதான் வரும். முத்திரை இருந்தால் டிக்கெட்டின் நகலோடு ஆட்சேபம் எழுதிப் பார்க்கலாம்.

அப்புறம், 7 யூரோவோடு முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பெயர் போட்ட பாஸை மறந்துவிட்டு வந்து, ஒரு வாரத்துக்குள் கொண்டுபோய்க் காட்டுபவர்களுக்கு.