மைனஸ் 6 பவருக்கு 1.67 லென்ஸ் தேவையா?

கேள்வி: எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 6 பவர். சாதாரண லென்ஸ் தடிமனாக வரும், 1.67 இண்டெக்ஸ் எடுங்கள் என்கிறார் கடைக்காரர். விலை பல மடங்கு. அந்த எண் எதைக் குறிக்கிறது? அவ்வளவு செலவு செய்யலாமா?

பதில்: தடிமன் குறையும், அது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய வித்தியாசத்தை ஃபிரேம் காட்டும். முதலில் எண்ணைப் பார்த்துவிடுவோம். காற்றில் ஒளியின் வேகம், லென்ஸுக்குள் அதன் வேகத்தைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் இண்டெக்ஸ்.

ஒளி காற்றில் விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 1.5 இண்டெக்ஸ் கொண்ட சாதாரண பிளாஸ்டிக் லென்ஸுக்குள் அது 2 லட்சமாகக் குறைந்துவிடும். 1.67 லென்ஸில் சுமார் 1.8 லட்சம்தான். ஒளி அலை பிளாஸ்டிக்கில் உள்ள எலெக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஆடுகிற எலெக்ட்ரான்களும் அலை எழுப்புகின்றன. இரண்டும் கலந்த அலை பின்தங்குகிறது. வேகம் குறைவது இதனால்தான்.

சரி, வேகம் குறைந்தால் பாதை ஏன் வளைய வேண்டும்? அலையின் முகட்டை ஒரு நீண்ட கோடாக நினைத்துக்கொள்ளுங்கள். அது சாய்வாக வரும்போது ஒரு முனை முதலில் பிளாஸ்டிக்குக்குள் நுழைந்து மெதுவாகிறது. மறுமுனை இன்னும் காற்றில் பழைய வேகத்திலேயே வந்துகொண்டிருக்கும். அந்தச் சிறிய நேரத்துக்குள் கோடு திரும்பிவிடுகிறது, ஒளியின் திசையும் மாறிவிடுகிறது. நேர்செங்குத்தாக விழுந்தால் இரு முனையும் ஒன்றாக நுழையும். வேகம் குறையும், திசை மாறாது.

இண்டெக்ஸ் கூடினால் அதே சாய்வில் ஒளி அதிகம் வளையும். அதனால் குறைவான வளைவிலேயே உங்கள் பவர் கிடைத்துவிடும். மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்திருக்கும் அல்லவா? 50 மி.மீ. அகல லென்ஸில், நடுவைவிட ஓரம் எவ்வளவு தடிக்கும் என்று மைனஸ் 6-க்குக் கணக்குப் போட்டால், 1.5-இல் சுமார் 3.8 மி.மீ., 1.67-இல் 2.8 மி.மீ. வருகிறது. அதே சாதாரண லென்ஸை 40 மி.மீ. அகலத்தில் போட்டாலோ 2.4 மி.மீ.தான்! அகலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஓரம் தடிப்பதால், சின்ன ஃபிரேம் காசு கேட்காமலே வேலையை முடித்துவிடுகிறது. கருவிழி ஃபிரேமின் நடுவில் வருகிறதா என்றும் பாருங்கள். மூக்குப் பக்கம் ஒதுங்கினால் வெளி ஓரம் இன்னும் தடிக்கும்.

1.67-இல் இரண்டு குறைகள் உண்டு. நிறத்துக்கு நிறம் வளையும் அளவு வேறுபடுகிறது, இண்டெக்ஸ் கூடிய பிளாஸ்டிக்குகளில் பெரும்பாலும் அது அதிகம். லென்ஸின் ஓரம் வழியாக டியூப்லைட்டைப் பார்த்தால் நீலமும் ஆரஞ்சுமாகக் கரை கட்டும். இதை அளக்கும் அபே எண் சாதாரண லென்ஸுக்கு 58, 1.67-க்கு 32 அளவில். எண் குறையக் குறையக் கரை கூடும். அப்புறம் பிரதிபலிப்பு: சாதாரண லென்ஸில் ஒரு பரப்புக்கு 4 சதவீதம் ஒளி திரும்பிப் போகிறது, 1.67-இல் 6 சதவீதத்துக்கு மேல். ஆகவே ஆன்டி-ரிஃப்ளெக்‌ஷன் கோட்டிங் இல்லாமல் இதை வாங்கவே வாங்காதீர்கள்.

உங்கள் பவருக்கு நான் சொல்வது, சின்ன ஃபிரேமில் கோட்டிங்கோடு 1.60. அகலமான ஃபிரேம்தான் பிடிக்கிறது, அல்லது பவர் மைனஸ் 8-ஐத் தாண்டுகிறது என்றால் 1.67-க்குத் தாராளமாகச் செலவு செய்யலாம்.