வயதான நாய்க்குச் செலவு மிகுந்த அறுவை சிகிச்சை: செய்வதா, விடுவதா?

கேள்வி: எங்கள் லேப்ரடார் நாய்க்கு 12 வயதாகிறது. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில், மண்ணீரலில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி இருப்பது தற்செயலாகத் தெரியவந்தது. மண்ணீரலை முழுவதுமாக அகற்றிவிடலாம் என்கிறார் மருத்துவர். செலவு எங்கள் குடும்பத்தின் மூன்று மாத வருமானத்தை எட்டுகிறது. நாய் நன்றாகச் சாப்பிடுகிறது, நடைக்கும் வருகிறது. இந்த வயதில் இதைச் செய்யத்தான் வேண்டுமா என்பதில் வீட்டில் இருவேறு கருத்துகள் உள்ளன. நாங்கள் எப்படி முடிவெடுப்பது?

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள "இந்த வயதில்" என்பதைச் சற்று பிரித்துப் பார்க்க வேண்டும். மயக்க மருந்தைத் தாங்குமா என்ற அச்சம்தான் பெரும்பாலும் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. பிரிட்டனில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஆரோக்கியமான நாய்களில் 0.05 சதவீதமும், நோயுற்றிருந்த நாய்களில் 1.33 சதவீதமும் அதன் தொடர்பில் இறந்தன. வயது ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் இதயமும் சிறுநீரகமும் கல்லீரலும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதே பிறந்த தேதியைவிடப் பெரிய செய்தி. அதே ஆய்வில் இறந்த நாய்களில் ஏறத்தாழ பாதி, அறுவை மேசையில் அல்ல, அதற்குப் பிந்தைய மணிநேரங்களில்தான் இறந்தன. ஆகவே "அறுவை செய்வது யார்?" என்று கேட்பதோடு, "அன்று இரவு முழுவதும் பக்கத்தில் இருந்து பார்ப்பது யார்?" என்றும் கேளுங்கள்.

வயது வேறொரு வகையில் கணக்கில் வருகிறது. லேப்ரடார் போன்ற பெரிய இன நாய்கள் பொதுவாக 10 முதல் 12 ஆண்டுகள், சில அதற்கு மேலும் வாழும். அறுவை முழு வெற்றி பெற்றாலும் நீங்கள் பெறப்போவது ஓராண்டு, இரண்டாண்டு என்ற அளவில்தான் இருக்கும். அது குறைவு என்று நான் சொல்லவில்லை. ஒரு நாயின் வாழ்நாளில் ஓராண்டு பெரிய பங்கு.

மண்ணீரல் கட்டியில் உள்ள உண்மையான சிக்கல், அது எப்படிப்பட்ட கட்டி என்பதை அறுவைக்கு முன் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே. ஸ்கேன் படத்தில் சாதாரண இரத்தக்கட்டும், ஹீமாஞ்சியோசார்கோமா எனப்படும் இரத்தக்குழாய்ப் புற்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஊசி குத்தி எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரத்தம்தான் வரும். கசிவு ஏற்படும் அபாயமும் உண்டு. மண்ணீரலை எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகே விடை கிடைக்கும். கட்டி சாதாரணமானது என்றால் அத்துடன் நோய் தீர்ந்தது. மண்ணீரல் இல்லாமல் நாய் இயல்பாக வாழும். ஹீமாஞ்சியோசார்கோமா என்றால், அறுவை மட்டும் செய்த நாய்கள் பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதங்களும், கீமோதெரபியும் பெற்றவை நான்கு முதல் ஆறு மாதங்களும் வாழ்கின்றன. ஒரே செலவுக்கு இவ்வளவு எதிரெதிரான இரண்டு முடிவுகள் இருப்பதால்தான் உங்கள் வீட்டில் இருவேறு கருத்துகள் எழுகின்றன, இரண்டுமே நியாயமானவை.

இருப்பினும் உங்கள் நாய்க்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. கட்டி வெடித்து, வயிற்றுக்குள் இரத்தம் தேங்கிய நிலையில் தூக்கிவரப்படும் நாய்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குப் புற்றாக இருக்கும் என்பது கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கசிவே இல்லாமல், தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட கட்டிகளில் நிலைமை அவ்வளவு மோசமில்லை; அவற்றில் சாதாரணக் கட்டிகளின் பங்கு கணிசமானது.

பெரிய தொகையைக் கட்டுவதற்கு முன் சிறிய தொகைகளைச் செலவிடுங்கள். நெஞ்சுக்கு மூன்று கோணங்களில் எக்ஸ்ரே, இதயத்துக்கு எக்கோ, வயிறு முழுவதற்கும் ஸ்கேன், இரத்தமும் சிறுநீரும் ஆகிய சோதனைகளுக்கு ஆகும் மொத்தச் செலவு பெரும்பாலும் அறுவைச் செலவில் ஒரு பகுதியாகத்தான் இருக்கும். இந்தப் புற்று இதயத்தின் வலது மேலறையிலும் தோன்றக்கூடியது என்பதால் எக்கோவைத் தவிர்க்க வேண்டாம். நுரையீரலிலோ இதயத்திலோ பரவியிருப்பது தெரிந்தால், அறுவைக்குச் சம்மதிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. எல்லாம் தெளிவாக இருந்து, பணமும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால், நான் செய்யவே சொல்வேன். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத பரவல் இருக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டே அந்த முடிவை எடுக்க வேண்டும்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன், பலரும் பேசத் தயங்கும் ஒன்றை மருத்துவரிடம் பேசிவிடுங்கள். வயிற்றைத் திறந்தவுடன் கல்லீரலிலும் குடல் சவ்விலும் கருஞ்சிவப்பு முடிச்சுகள் நிறைந்திருந்தால் என்ன செய்வது? அந்த நேரத்தில் மருத்துவர் கையுறையோடு நின்றுகொண்டு, உதவியாளரின் தொலைபேசி வழியாக உங்களிடம் கேட்பார். மயக்கத்திலிருந்து எழுப்பாமல் அப்படியே விடைகொடுப்பதா, தைத்து எழுப்பி வீட்டுக்கு அழைத்துச் செல்வதா என்பதை ஓரிரு நிமிடங்களில் சொல்ல வேண்டியிருக்கும். முதல் நாள் இரவே குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்தவர்களுக்கு அந்த அழைப்பைத் தாங்க முடிகிறது. மற்றவர்கள் எதைச் சொன்னாலும் பின்னர் பல காலம் தங்களையே நொந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை, மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டுமன்றி, இரத்தம் ஏற்றுதல், கூடுதல் நாள் தங்கல், இதயத்துடிப்புக் கோளாறுக்கான கண்காணிப்பு, திசுப் பரிசோதனை ஆகியவை சேர்ந்த உச்சத் தொகையையும் கேளுங்கள். கீமோதெரபி தனிச் செலவு. அந்த உச்சத் தொகைக்காகக் கடன் வாங்கி, பிள்ளைகளின் படிப்போ பெற்றோரின் மருந்தோ தடைபடும் என்றால், அறுவையைத் தவிர்ப்பது நாய்க்குச் செய்யும் துரோகமாகாது. நாய்க்குத் தெரிந்தது இன்றைய வலியும் இன்றைய சோறும்தான். ஆறு மாதம் இழந்தோம் என்று அது கணக்குப் பார்ப்பதில்லை.

அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் கவனிப்பு நின்றுவிடக் கூடாது. மாதம் ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கட்டியின் அளவைப் பார்க்கலாம். தாவவிடாதீர்கள், படிகளில் ஓடவிடாதீர்கள். நாட்காட்டியில் நல்ல நாளுக்கு ஒரு குறியும், சாப்பிட மறுத்தோ எழ மறுத்தோ கழிந்த நாளுக்கு வேறொரு குறியும் இடுங்கள். இரண்டாவது குறி மிகத் தொடங்கும் வாரத்தில், கருணைக்கொலை பற்றி மருத்துவரிடம் பேசும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

தினமும் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிகளுக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். (லேப்ரடார்களில் சிலவற்றுக்கு ஈறு கருப்பாக இருக்கும், அப்போது கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.) ஈறு சுண்ணாம்புபோல் வெளுத்து, வயிறு உப்பி, நாய் திடீரெனச் சரிந்து படுத்தால் கட்டி வெடித்திருக்க வாய்ப்பு அதிகம். சில சமயம் சில மணி நேரத்தில் அது எழுந்து நடமாடும். சரியாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள், அடுத்த கசிவு வரும். இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணை இன்றே எழுதி, வீட்டில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.