அரை ஏக்கரில் ரசாயனம் இல்லாமல் காய்கறி விளைத்து, சுற்றுவட்டார வீடுகளுக்கே கொடுத்துப் பிழைக்க முடியுமா?

முடியும், குடும்பமே இறங்கி வேலை செய்தால். கோபிச்செட்டிபாளையம் பக்கம் நாங்கள் இதைத்தான் செய்து வருகிறோம். உங்கள் கடிதத்தில் உரத்துக்கும் பூச்சிக்கும் என்ன செய்வது என்றுதான் நீங்கள் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் வழி இருக்கிறது. ஒரு வீட்டுக்கு வாராவாரம் ஏழெட்டு வகை காய் விடாமல் கொடுப்பதுதான் கஷ்டம். மண்டிக்கு அனுப்புபவர் தக்காளி ஒன்றையே போட்டு மொத்தமாக ஏற்றிவிடலாம். நமக்கு அது ஆகாது.

அதனால் எந்த வாரம் எந்தக் காய் வேண்டும் என்று முதலில் எழுதிவைத்து, அதை வைத்து விதைக்கும் நாளைக் கணக்குப் போடுங்கள். வெண்டை 45 நாளில் காய்க்க ஆரம்பிக்கும், 100 நாளுக்குள் ஓய்ந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தால் கொஞ்ச நாள் கொட்டும், அப்புறம் கூடை காலி. மூன்று வாரத்துக்கு ஒரு பாத்தி போடுங்கள். சிறுகீரை 25 நாளில் பிடுங்கிவிடுவது, அதனால் வாரம் ஒரு பாத்தி வேண்டும். அரைக்கீரை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். ஐப்பசி மழையில் தக்காளியும் கீரையும் அடிபட்டுப்போகும். அந்தச் சமயத்துக்கென்று பூசணியும் சின்ன வெங்காயமும் இருப்பில் இருக்கட்டும். ஆடியில் ஊன்றிய பந்தல் அவரையும் பகல் குறுகிய பிறகுதான் பூவெடுக்கும். கார்த்திகை, மார்கழியில் கைகொடுப்பது அதுதான்.

பூச்சி என்று எடுத்துக்கொண்டால் கத்தரிதான் பெரிய வேலை வைக்கும். காலையில் போய்ப் பார்த்தால் செடி முழுக்க நன்றாக நிற்கும், ஒரே ஒரு கொழுந்து மட்டும் தலை தொங்கிக் கிடக்கும். அதைக் கிள்ளிப் பிளந்தால் தண்டுக்குள் வெளிர் சிவப்பில் ஒரு புழு நெளியும். உள்ளே போய்விட்ட புழுவுக்கு எந்தக் கரைசலும் எட்டாது. கொழுந்தைப் புழுவோடு கிள்ளி எரிக்க வேண்டும், அதுவும் தினமும். ஆண் அந்துப்பூச்சியை வாசனை காட்டி இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்கு 5 வைத்து, புழு உள்ளே புகுமுன்பே 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலும் அடித்து வந்தால் கட்டுக்குள் இருக்கும். இந்த நேரத்தையும் கூலிக் கணக்கில் சேருங்கள், பலர் சேர்ப்பதில்லை.

இனி பணம். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு வாரம் 5 கிலோ என்றால் 20 வீட்டுக்கு 100 கிலோ. கிணற்றில் தண்ணீர் இருந்தால் அரை ஏக்கரில் இவ்வளவு எடுக்கலாம், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். முதலில் வீடுகளைப் பேசி முடித்துவிட்டு அப்புறம் விதை வாங்குங்கள். மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்குங்கள், விலையை வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. அப்போதும் எங்கள் வீடுகளுக்கு நாங்கள் விலை ஏற்றவில்லை. அடுத்து விலை சரிந்தபோது அந்த வீடுகளும் எங்களைக் குறைக்கச் சொல்லவில்லை. இந்த நம்பிக்கை இல்லாவிட்டால் இந்தத் தொழிலே இல்லை என்பேன்.

ரசாயனம் போடாததற்கான சான்றிதழ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வீடுகளுக்கு மட்டும் என்றால் அவர்களையே அடிக்கடி தோட்டத்துக்கு வரச்சொல்லுங்கள், குழந்தைகளோடு. பாத்தியைப் பார்த்தவர் யாரும் எங்களிடம் காகிதம் கேட்டதில்லை. கடைக்கும் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் பிஜிஎஸ் சான்று உண்டு. விவசாயிகளே ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் முறை அது, குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர வேண்டும்.

ஆடியில் தொடங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மண்ணுக்குப் பசுந்தாள் உரமாகும் சணப்பை விதையைச் சித்திரை மழைக்கே தூவிவிடுங்கள். 45 நாளில் பூ வைக்கும், அப்போதே மடக்கி உழுதுவிட வேண்டும். விட்டால் தண்டு நார் பிடித்துவிடும், மட்கத் தாமதமாகும். ஆனியில் மண் ஆறினால் ஆடி முதல் வாரமே விதைக்கலாம்.